பாங்கும் சங்கும்

ஆண்டர்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்.

அன்பு மகளே,

உன் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். கல்லூரியில், மனநல ஆலோசகரின் அறைக்குள் மதம் வரக்கூடாது என்கிறார்கள். வீட்டிலோ, நாலு சூரா ஓதி ஊதினால் தீர்கிற விஷயத்துக்கு எதற்கு ரெண்டு வருஷப் படிப்பு என்கிறார்கள். ‘நான் யார் பக்கம் நிற்பது குப்பி?’ என்று அத்தையான என்னிடம் கேட்டிருக்கிறாய். ஆய்வேட்டுக்கு நம் ஊர் சுரங்கக் குடும்பங்களை எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறாய். தாராளமாக எடுத்துக்கொள். உன் முதல் கேள்விக்கான பதிலும் அந்தக் குடும்பங்களிடம்தான் இருக்கிறது.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் நூற்றிருபது வருஷம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் வந்த தமிழ் ஜனங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். அவ்வளவு காலமும் ஊர் எழுந்தது, உண்டது, உறங்கியது எல்லாமே ஷிப்ட் சங்கைக் கேட்டுத்தான். சங்கு ஊதினால் ஒரு வீட்டில் சோற்றுக் கேரியர் கட்டுவார்கள். பக்கத்து வீட்டில் மேலே ஏறி வரப்போகிறவருக்கு வெந்நீர் போடுவார்கள். சுரங்கத்துக்குள் பாறை வெடித்து ஏர் பிளாஸ்ட் அடித்துத் தரை குலுங்கினால் பெண்கள் போட்டது போட்டபடி ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். பயத்துக்குக்கூட இங்கே ஒரு நேரமும் இடமும் இருந்தது.

மூடியபின் சம்பளம் போனதைப் பற்றிப் பேச ஆளிருந்தது, வழக்குப் போட ஆளிருந்தது. பொழுது போனதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. இளவட்டங்கள் விடியுமுன் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகப் பழகிக்கொண்டார்கள். ஐம்பதைத் தொட்டவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். காலை எப்போது முடிந்தது, மதியம் எப்போது வந்தது என்று அவர்களுக்கே தெரியாது. உன் ஆய்வு அங்கிருந்து தொடங்கட்டும்.

இதற்கு நீ படித்தே ஆகவேண்டிய ஒரு புத்தகம் இருக்கிறது. வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு கிராமம். ஒரே ஒரு ஜவுளி ஆலையை நம்பிப் பிழைத்த கிராமம். 1930 வாக்கில் ஆலை மூடியது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று பேரும் அவர்களுடைய குழுவும் அங்கே போய்த் தங்கிப் பார்த்து எழுதியது 1933-ல் வெளிவந்தது. ஜன்னலோரம் கடிகாரத்தோடு உட்கார்ந்து, தெருவில் ஆண்கள் எவ்வளவு வேகத்தில் நடக்கிறார்கள், எத்தனை முறை சும்மா நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். வேலை இல்லாத ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை மிச்சமிருந்த பெண்கள் நிற்காமல் போனார்கள். படிக்க நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. வேலை கூலியை மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஒரு ஒழுங்கு, நாலு பேரோடு பழக்கம், பொதுவான ஒரு நோக்கம், ஊரில் ஒரு இடம் இவற்றையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் விரித்து எழுதினார். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் பத்து மணிக்கு நின்று பார். அவர் எழுதியது உனக்குப் புரியும்.

நம் ஊரில் சங்கு நின்றது, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நிற்கவில்லை. சர்ச் மணியும் கோயில் மணியும் நிற்கவில்லை. ஆனால் ஒரு நாளை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் எழுந்து நடந்து போய் நாலு பேர் பக்கத்தில் தோள் உரச நிற்க வேண்டும் என்று சொல்வது பாங்கு. எங்கள் லைன் வீடுகளில் ஒரு பெரியவர் இருந்தார். சுரங்கத்தில் மரம் அடைக்கிற வேலை. மூடியபின் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். டாக்டர் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அஸர் எனும் மாலைத் தொழுகை ஒன்றை மட்டும் விடவில்லை. அதுவும் மகள் எழுப்பி விட்டால்தான். நம் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவரிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘அஸருக்கு முன்னாடி வந்து ஒளுச் செய்யும் தொட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கங்க’ என்று மட்டும் சொன்னார். அரை மணி முன்னால் வர ஆரம்பித்தார். பிறகு மஃரிப் எனும் அந்தித் தொழுகை வரை பள்ளிவாசல் திண்ணையில் இருந்தார். அங்கே பேச்சுவாக்கில்தான் இரவு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, சோறு மண்ணாக இருக்கிறது என்று சொன்னார். ஹஜ்ரத் என்னைக் கூப்பிட்டார். நானும் அவருடைய மகளும் அவரை ரயிலேற்றி பெங்களூருக்குக் கூட்டிப் போனோம், மாத்திரை ஆரம்பித்தது. தொழுகை அவரைக் குணப்படுத்திவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் மிச்சமிருந்த ஒரே கயிறு அதுதான். அதைப் பிடித்துத்தான் அவரை மேலே ஏற்ற முடிந்தது.

உன் பாடத்தில் இதற்குப் பெயரும் முறையும் உண்டு. பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்பார்கள். மனம் சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், அந்த மனிதருக்கு அர்த்தமுள்ள சின்னச் செயல்களை நேரம் குறித்துச் செய்ய வைப்பது. மனம் பின்னாலேயே வரும். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கஸாலா மிர் என்பவரும் அவருடைய குழுவும் இந்த முறையை முஸ்லிம் நோயாளிகளுக்கு ஏற்றபடி வடித்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் படி: உங்கள் வாழ்க்கையில் மார்க்கத்துக்கு என்ன இடம் என்று நோயாளியைக் கேட்பது. வேண்டும் என்று சொல்பவருக்கு மட்டும் குர்ஆன், நபிமொழி வழியில் நம்பிக்கை தரும் ஒரு கையேடு தருகிறார்கள். வேண்டாம் என்பவருக்கு வழக்கமான சிகிச்சை. பெயர் முஸ்லிம் பெயராக இருக்கிறது என்பதற்காக யார் தலையிலும் மார்க்கத்தைக் கட்டுவதில்லை.

உன் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான் மகளே. மதத்தை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லாதே. நீயாக உள்ளே இழுத்துக்கொண்டும் வராதே. எதிரே இருப்பவரிடம் கேள். அவர் நாளை எதைப் பிடித்துக்கொண்டு நகர்த்துகிறாரோ அதைத் தட்டிப் பறிக்காதே. அதன் பக்கத்தில் சிகிச்சையை வை.

ஆனால் இந்தப் பக்கம் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வு வந்தவருக்கு முதலில் கழன்று போவதே தொழுகையாக இருக்கலாம். எழ முடியாது; எழுந்தாலும் மனம் ஒட்டாது. ‘ஈமான் குறைஞ்சு போச்சு’ என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும், நோயோடு குற்றவுணர்ச்சியும் சேர்ந்து அவரை அமுக்கிவிடும். இதைச் சொல்பவர்களிடம் நீ சண்டை போடாதே; அவர்களுக்குத் தெரிந்த வரலாற்றையே நினைவுபடுத்து. யாகூப் நபி மகனைப் பிரிந்து அழுது அழுது பார்வையை இழந்தார். நம் நபியவர்கள் கதீஜா அம்மையாரையும் பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே வரலாறு குறித்து வைத்திருக்கிறது. தம் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது அவர்கள் கண்ணீர் விட்டார்கள். அவர்கள் ஈமானில் யார் குறை காண முடியும்?

மார்க்கத்துக்குள்ளேயே இதை மருத்துவமாகப் பார்த்த பெரியவர்கள் இருந்தார்கள். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கி, 934-ல் காலமானவர். உடலையும் ஆன்மாவையும் பேணுவது பற்றி அவர் எழுதிய நூலில், கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் எனும் ஓயாத எண்ணத் தொல்லை ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பேசுகிறார். துக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார். இன்ன காரணம் என்று தெரிந்த துக்கம் ஒன்று. அதற்குப் பேச்சும் எண்ணத்தைத் திருப்புவதும் மருந்து. காரணமே தெரியாமல் வருவது இன்னொன்று. அது உடலிலிருந்து வருகிறது, உடலுக்குத்தான் வைத்தியம் செய்யவேண்டும் என்கிறார். சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி அந்த ஆன்மப் பகுதியை ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். 1979-லேயே முஸ்லிம் உளவியலாளர்கள் மேற்கத்தியக் கோட்பாடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார்கள் என்று கண்டித்து எழுதியவர் அவர். இரண்டையும் படி. படித்துவிட்டு மேடையேறி, இன்றைய சிகிச்சை எல்லாவற்றையும் நாங்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டோம் என்று மட்டும் பேசாதே. அல்-பல்கிக்கு அந்தப் பெருமை தேவையில்லை. மாத்திரை சாப்பிடுவதும் மார்க்கத்துக்கு உட்பட்டதுதான் என்று ஒரு தாயிடம் எடுத்துச் சொல்ல அவர் உனக்கு உதவுவார். அது போதும்.

வஸ்வாஸ் என்றதும் ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். கல்யாணமாகிப் புதிதாக இங்கே வந்த பெண். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்ய உட்கார்ந்தால் முடிக்கமாட்டாள். முழங்கை நனைந்ததா, குதிகால் நனைந்ததா என்று திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள். குழாயில் தண்ணீர் வராத நாள் அதிகமுள்ள ஊர் இது. குடம் குடமாகக் காலியானால் மாமியார் சும்மா இருப்பாரா? விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறிப் புண்ணாகியிருந்தது. வீட்டில் பேய் என்று முடிவு கட்டியிருந்தார்கள். டாக்டர் அதை ஓசிடி என்று சொல்லி மருந்து தந்தார். மருந்தோடு, சந்தேகம் வந்தாலும் மறுபடி கழுவாமல் அந்தப் பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கப் பழக்கும் பயிற்சியும் வேண்டும். 1966-ல் விக்டர் மேயர் என்பவர் எழுதியதிலிருந்து வளர்ந்த முறை அது. நான் சொன்னால் அவள் கேட்கவில்லை. தொழுகை கூடாமல் போய்விட்டால் என்று பயந்தாள். ஹஜ்ரத்திடம் போனோம். மூன்று முறைக்கு மேல் கழுவுவது மார்க்கம் கேட்காத ஒன்று, உறுதியானது வெறும் சந்தேகத்தால் முறியாது, உன் ஒளு கூடிவிட்டது, எழுந்து போய்த் தொழு என்றார். ஃபிக்ஹு சட்டம் சொல்வதும் சிகிச்சை கேட்பதும் அந்த இடத்தில் ஒன்றாக இருந்தன. ஒன்று சொல்லிவைக்கிறேன்: அவள் தினமும் ஹஜ்ரத்துக்கு போன் போட்டு ‘கூடிடுச்சா?’ என்று கேட்க ஆரம்பித்தால் அதுவும் நோயின் பகுதிதான். ஒரு முறை சொன்னால் போதும் என்று ஹஜ்ரத்திடமும் பேசி வைக்கவேண்டும்.

நோய் நம் ஜனங்கள் வாயில் எப்படி வரும் என்பதற்கும் காதைப் பழக்கிக்கொள். ‘டிப்ரெஷன்’ என்று யாரும் வந்து சொல்லமாட்டார்கள். நெஞ்சு அடைக்குது, தலை பாரம், உடம்பெல்லாம் எரியுது, கை கால் ஓய்ஞ்சு போகுது என்பார்கள். பெங்களூரில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் ரகுராம் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 80 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1996-ல் வெளிவந்தது. மனச்சோர்வு கூடக்கூட அவமான உணர்வும் கூடியது. உடல் உபாதையாகச் சொன்னவர்களுக்கு அவமான உணர்வு குறைவு. உடம்பு வலி எல்லாருக்கும் வரும், பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள். மனசு சரியில்லை என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. வருஷக்கணக்கில் கல் தூசி குடித்த நுரையீரல்களுக்கு நிஜமாகவே மூச்சு அடைக்கும். அதனால் ‘எல்லாம் மனசுதான்’ என்று ஒருபோதும் சொல்லாதே. முதலில் நெஞ்சைப் பரிசோதிக்க அனுப்பு.

இனி, தர்கா என்றாலே பேச்சில் வரும் ஏர்வாடி. சுரங்கம் மூடிய அதே 2001-ல், ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி நடந்துவந்த ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை மகளே, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு தர்காவையே பழிப்பவர்கள் உண்டு. அங்கே குடும்பங்கள் ஏன் போயின என்று கேட்பவர்கள் குறைவு. ஊர் பக்கத்தில் டாக்டர் இல்லை. இருந்த இடத்தில் மரியாதை இல்லை. தர்காவில் யாரும் முகம் சுளிக்கவில்லை. சங்கிலியைப் பிணைத்தது பக்தி அல்ல, இன்னொருவர் நோயைக் காசாக்கிய காப்பகங்களும், அவற்றைக் கண்டுகொள்ளாத நிர்வாகமும். இன்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் எங்கேயும் சங்கிலியால் கட்டக்கூடாது. வீட்டில் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் அதை உன் ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டு வந்துவிட முடியாது. அந்த நிமிஷம் நீ ஆய்வாளர் இல்லை.

தர்காவோடு கைகோத்த வேலையும் நடந்திருக்கிறது. குஜராத்தில் உனாவாவில் மீரா தாதார் தர்காவுக்குள்ளேயே ‘தவா - துஆ’, அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்று ஒரு திட்டம். தர்காவைக் கவனித்துக்கொள்ளும் முஜாவர்களுக்கு நோய் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். துஆ செய்த கையோடு பக்கத்து அறையில் இருக்கும் டாக்டரிடம் அவர்களே அனுப்பினார்கள். ஏர்வாடியிலும் அந்த வழி வந்தது. கோயில் பக்கத்திலும் ஒன்று சொல்கிறேன். நான் சொன்ன அதே ரகுராமும் மற்றவர்களும், மனநோயைத் தீர்ப்பதற்குப் பெயர்பெற்ற ஒரு தமிழ்நாட்டு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து 2002-ல் எழுதினார்கள். அங்கே பெரிய சடங்கு எதுவும் இல்லை. தங்க இடம், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள், கூடவே ஒரு உறவினர். சில வாரங்களில் நோயின் கடுமை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட வேறொரு குழு இல்லாத சின்ன ஆய்வுதான், அதை மிகைப்படுத்தாதே. ஆனால் அடிக்காத, கட்டாத, துரத்தாத இடம் என்ன செய்யும் என்பதைக் காட்டுகிறது.

மார்க்க வழி ஆலோசனைக்கு ஆதாரம் எவ்வளவு என்று உன் பேராசிரியர் கேட்பார். கேட்கவும் வேண்டும். மலேசியாவில் அஸ்ஹர், வர்மா, தாரப் ஆகியோர் 1994-ல் வெளியிட்ட ஆய்வைக் காட்டு. பதற்ற நோய் உள்ள 62 முஸ்லிம்கள். எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை, ஒரு பகுதியினருக்கு மட்டும் மார்க்கம் சார்ந்த ஆலோசனை கூடுதலாக. மூன்றாம் மாதத்தில் இவர்கள் வேகமாகத் தேறியிருந்தார்கள். ஆறாம் மாதத்தில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பலர் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். நீ இரண்டையும் சொல். என் கண்ணுக்கு அந்த இரண்டாம் பாதியும் நல்ல சேதிதான். நம்பிக்கையோடு ஒட்டிப் பேசினால் ஆள் சீக்கிரம் தேறுகிறார். வேலையும் சம்பளமும் நின்றுபோன வீட்டில் மூன்று மாதம் முன்னதாக ஒருவர் எழுந்து நடமாடுவது சின்ன விஷயமில்லை.

ஓதிப் பார்ப்பதாகச் சொல்லிக் காசு பறிப்பவர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மாத்திரையை நிறுத்து என்று எவர் சொன்னாலும், அவர் தாடி எவ்வளவு நீளமானாலும், அங்கிருந்து எழுந்து வரச் சொல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை விடு என்ற நபிமொழி எந்த வீட்டிலும் தெரிந்ததுதான், நினைவுபடுத்தினால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கூச்சப்படாதே. தற்கொலை ஹராம் என்பதால் நம் ஜனங்கள் அந்த எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ‘அல்லாஹ் சீக்கிரம் எடுத்துக்கிட்டா நல்லா இருக்கும்’ என்பார்கள். அதைக் கேட்டால் ‘ஆமீன்’ என்றோ ‘அப்படிச் சொல்லாதீங்க’ என்றோ கடந்து போகாதே. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகப் பார்க்கக்கூடாது, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கொண்டு உதவவேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. உன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் 14416 என்று எழுதிக்கொள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண். காசில்லை, தமிழிலும் பேசலாம்.

நிம்ஹான்ஸ் 2015-16-ல் பன்னிரண்டு மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் சற்று அதிகமாக அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குச் சிகிச்சை கிடைத்திருக்கவில்லை. இந்த நாட்டின் தலையாய மனநல நிறுவனம் நம் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்தில், தினமும் நம் பிள்ளைகள் ஏறும் ரயில் போய் நிற்கும் ஊரில் இருக்கிறது. அப்படியும் ஏன் போகவில்லை என்பதை உன் ஆய்வின் கேள்வியாக வை. ஒரு நாள் கூலி போவதாலா, கன்னடத்தில் பேசவேண்டுமே என்ற தயக்கமா, யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயமா, ஓதிப் பார்த்தபிறகு போகலாம் என்ற நினைப்பா? எனக்குத் தெரிந்து இந்த நாலும் உண்டு. எது எவ்வளவு என்று சொல்லும் வேலை உனக்கு.

மரியன்தாலுக்குப் போனவர்கள் வெறும் கேள்வித்தாளோடு போகவில்லை. துணி சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், மருத்துவரைக் கூட்டிப்போனார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். நீயும் வெறுங்கையோடு வராதே. தாலுகா மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வரும் நாளைக் கேட்டு எழுதிக்கொண்டு வா. ஓய்வூதியப் படிவம், ஊனச் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்துகொண்டு வா. கேள்விகளை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்காமல் இங்கே பேசுகிற தமிழில் எழுது. உருது பேசும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, ஹஜ்ரத்துக்கும் உரிகம் பக்கத்துப் பாஸ்டருக்கும் படித்துக் காட்டி எங்கே இடறுகிறது என்று குறித்து அனுப்புகிறேன். ரமலானில் வராதே, நோன்பு நேரத்தில் யாரையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேள்வி கேட்க முடியாது. ஷவ்வாலில் வா. உனக்கு மாடி அறையை ஒழித்துவைக்கிறேன்.

துஆவுடன்,
உன் குப்பி